நாற்காலி இல்லாத ஆட்டம்

இணையத்தில் ஸ்லாட் எனும் உருளைச் சூதாட்டம் ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. கணினியில் ஆடினால் அதிகம் விழுமா, போனில் ஆடினால் அதிகம் விழுமா? கேட்பவர்களில் பலர் விடையைக் கையிலேயே வைத்திருப்பார்கள். போனில் இரண்டு தடவை பெரிய தொகை வந்தது, கணினியில் ஒரு தடவைகூட வரவில்லை என்பார் ஒருவர். அடுத்தவர் நேர்மாறாகச் சொல்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கும்.

விடை சின்னது. உரிமம் பெற்ற தளத்தில் ஒரே ஆட்டத்தை எதில் ஆடினாலும் விழுவது ஒன்றுதான். ஆனால் அந்த விடையைக் கேட்டுவிட்டு, அப்படியானால் போனும் கணினியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டால் பெரிய தவறு செய்தவர்களாவோம். இரண்டுக்கும் இடையே ஆழமான வித்தியாசம் இருக்கிறது. அதை உருளைகளுக்குள் தேடுவதால்தான் யாருக்கும் அகப்படுவதில்லை.

முதலில் உருளைகளைப் பார்த்துவிடலாம். திரையில் இருக்கும் பொத்தானை ஒருவர் அழுத்துகிறார். அந்தக் கணத்தில் அவர் கையிலுள்ள கருவி செய்வது ஒரு சிறு செய்தியை அனுப்புவது மட்டுமே: இன்ன கணக்கு, இன்ன ஆட்டம், இவ்வளவு பணம் கட்டியிருக்கிறது. செய்தி போய்ச் சேருவது மால்டாவிலோ ஜிப்ரால்டரிலோ ஐல் ஆஃப் மேன் தீவிலோ குளிரூட்டிய அறையொன்றில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு. அங்கே ஒரு நிரல் தாறுமாறான எண்களைப் பிறப்பிக்கிறது. அந்த எண்களைக் கொண்டு ஒவ்வோர் உருளையும் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு பணம் திரும்ப வேண்டும் என்பது முடிவாகிறது. கணக்கில் கழித்து, கூட்டி, எழுதி வைத்த பிறகு விடை திரும்பி வருகிறது. போய்வர ஒரு நொடியில் சிறு பங்குதான் ஆகும். அதற்குப் பிறகு திரையில் உருளைகள் விறுவிறுவென்று ஓடுவதும், வேகம் குறைவதும், கடைசி உருளை தயங்கித் தயங்கி நிற்பதும், ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றை நமக்குப் படமாகக் காட்டும் வேலை.

இதற்கு நல்ல சாட்சி, நடுவில் சிக்னல் போகும்போது என்ன நடக்கிறது என்பது. ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிறது, உருளைகள் பாதியில் உறைந்து நிற்கின்றன. செய்தி சர்வரை எட்டியிருந்தால் அந்தச் சுற்று அங்கே முடிந்துவிட்டது. மறுபடி இணைப்பு வந்ததும், அல்லது வீட்டுக்குப் போய்க் கணினியில் அதே கணக்கைத் திறந்ததும், அந்தச் சுற்றின் முடிவு அப்படியே காத்திருக்கும். போனில் தொடங்கிய சுற்று கணினியில் நிற்கிறது. சர்வரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சுவரில் இருக்கும் இரண்டு ஜன்னல்கள்.

வித்தியாசம் வருவது தளத்துக்குத் தளம்தான். ஸ்லாட் தயாரிக்கும் நிறுவனங்கள் பல, ஒரே பெயரும் ஒரே படங்களும் கொண்ட ஆட்டத்தை வெவ்வேறு விகிதங்களில் விற்கின்றன. ஒரு தளம் கட்டிய பணத்தில் சராசரியாக 96 சதவீதம் திருப்பித் தரும் வடிவத்தை வாங்கும், இன்னொரு தளம் 94 சதவீத வடிவத்தை. ஆட்டத்தின் தகவல் பக்கத்தில் அந்த எண் இருக்கும். மெனுவைத் திறந்து, விதிகளுக்குப் போய், கீழே தள்ளிப் பார்த்தால் கிடைக்கும். உரிமமே இல்லாத தளங்களில் இந்த எண்ணைச் சோதிக்க யாரும் இல்லை. அங்கே போனா கணினியா என்று கேட்பதற்கே பொருள் கிடையாது.

கண்ணுக்குத் தெரியும் உருளைக்கும் முடிவுக்கும் இருந்த உறவு அறுந்தது இணையத்தால் அல்ல. அது அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் ‘லிபர்ட்டி பெல்’ இயந்திரத்தைச் செய்தார். பவேரியாவிலிருந்து குடிபெயர்ந்தவர். மூன்று உருளைகள், ஒவ்வொன்றிலும் பத்து நிறுத்தங்கள். ஐந்து சென்ட் காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் ஆயிரம் சேர்க்கைகளில் ஒன்று வந்து நிற்கும். மூன்று மணிகள் வரிசையில் நின்றால் ஐம்பது சென்ட். அந்த இயந்திரத்தின் முன் நின்றவர் உருளையைப் பார்த்தே ஏறக்குறைய வாய்ப்பைக் கணித்துவிட முடியும். கண்ணில் பட்டதுதான் கணக்கு.

1984இல் நார்வேக்காரரான இங்கெ டெல்நாஸ் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். அதன்படி, உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதை இயந்திரத்துக்குள் இருக்கும் சில்லு ஓர் எண்ணைப் பொறுக்கி முடிவு செய்யும். வெளியே தெரியும் உருளையில் 22 நிறுத்தங்கள் இருந்தாலும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத உருளையில் 64 நிறுத்தங்கள் இருக்கலாம். வெளியே மூன்று உருளைகளில் 10,648 சேர்க்கைகள், உள்ளே 2,62,144. பெரிய பரிசுக்குரிய படத்துக்கு உள்ளே ஒரே ஓர் எண், அதற்கு மேலும் கீழும் இருக்கும் வெற்றிடங்களுக்குப் பல எண்கள். அதனால்தான் பெரிய பரிசுப் படம் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும். உண்மையில் இருப்பதைவிட அதிக வாய்ப்பு இருப்பதாக ஆடுகிறவருக்குத் தோன்றுவது முக்கியம் என்று அந்தக் காப்புரிமை ஆவணமே ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது. இன்று போனில் ஓடும் ஒவ்வொரு ஸ்லாட்டும் அந்த ஆவணத்தின் பேரப்பிள்ளை.

சூதாட்டக் கூடங்களில் நிற்கும் இயந்திரங்களில் சில்லு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதைக் கணித்துவிட முடியும் என்று காட்டிய ஒரு கூட்டமும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் பழைய ஸ்லாட் இயந்திரங்களின் இருபது சொச்சம் சுற்றுகளைப் போனில் படம்பிடித்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த கூட்டாளிகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அந்த இயந்திரத்தின் எண் வரிசை எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று கணக்கிட்டு, பொத்தானை அழுத்த வேண்டிய கணத்துக்கு ஒரு நொடியின் கால்பங்கு முன்னால் போனை அதிரவைத்தார்கள். விரல் சரியாக விழுந்தது, பணமும் விழுந்தது, பிறகு கைதும் நடந்தது. இணைய ஸ்லாட்டில் எண் பிறப்பது தொலைவிலிருக்கும் சர்வரில். அதே ஊற்றிலிருந்து ஏராளமானவர்களுக்கு எண்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ‘நேரம் பார்த்து அழுத்தினேன்’ என்று போனில் ஆடுகிறவர் சொல்லும்போது, செயின்ட் லூயிஸ் கூட்டத்துக்கு இருந்ததில் ஒரு துளி பிடிமானம்கூட அவருக்கு இல்லை.

சரி, விழுவது ஒன்றுதான் என்றால் போவது எவ்வளவு? 96 சதவீதம் திரும்பும் என்றால் நூறு ரூபாய் கொண்டுபோனால் 96 ரூபாயோடு வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நான்கு சதவீதம் கையிலிருக்கும் பணத்துக்குப் பிடிக்கப்படுவதல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும், கட்டிய தொகைக்கு, மறுபடி மறுபடி பிடிக்கப்படுகிறது. பிரிட்டனில் 2021 அக்டோபர் 31 முதல் இணைய ஸ்லாட்டில் ஒரு சுற்று தொடங்கி அடுத்தது தொடங்க குறைந்தது 2.5 நொடி ஆக வேண்டும். இடைவிடாமல் அழுத்தினால் மணிக்கு 1,440 சுற்று. சுற்றுக்கு ஒரு பவுண்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 1,440 பவுண்டு கட்டியாகிறது, சராசரியாக 57 பவுண்டு 60 பென்ஸ் போகிறது. ஜெர்மனி 2021 ஜூலையில் கொண்டுவந்த விதியில் ஒரு சுற்றுக்கு ஐந்து நொடி, உச்சமாக ஒரு யூரோ. அதே 96 சதவீதம் என்று வைத்தால் மணிக்குப் போவது 28 யூரோ 80 சென்ட். வேகம் பாதியாகும்போது இழப்பும் பாதியாகிறது. உருளையில் எந்த மாற்றமும் இல்லை, கடிகாரத்தில் மட்டும்தான் மாற்றம். ஸ்லாட்டில் விலை என்பது நேரத்தின் விலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் போனுக்கும் கணினிக்கும் உள்ள வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

மேசைக் கணினி என்பது ஓர் இடம். நாற்காலியை இழுத்து உட்கார வேண்டும், இயந்திரத்தை எழுப்ப வேண்டும், தளத்தைத் திறக்க வேண்டும், கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் இருந்தால் திரை அவர்களுக்கும் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். போனுக்கு இது எதுவும் இல்லை. அது ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஏற்கெனவே விழித்திருக்கிறது, விரல்ரேகைக்குத் திறக்கிறது, பணம் கட்டவும் அதே விரல்ரேகை போதும். போனில் ஆடுகிறவர் எழுந்திருக்க நாற்காலியே கிடையாது.

இது கொஞ்ச காலத்துக்குள் வந்த மாற்றம். 2000களில் இணைய ஸ்லாட்டுகள் பெரும்பாலும் ஃபிளாஷ் மென்பொருளில் ஓடின. 2007இல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவே இல்லை. ஏன் ஏற்கவில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். மின்கலத்தைத் தின்கிறது, பாதுகாப்பில்லை, தொடுதிரைக்காகச் செய்யப்பட்டதல்ல என்பவை அவர் சொன்ன காரணங்களில் சில. எச்டிஎம்எல்5 தரநிலை 2014 அக்டோபரில் இறுதியானது. ஒரே நிரல் எந்தத் திரையிலும் ஓடும் என்ற நிலை வந்ததும் ஸ்லாட் நிறுவனங்கள் தங்கள் ஆட்டங்களை அதில் திருப்பி எழுதின. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. இப்போது ஆட்டத்தை முதலில் போனுக்காக வரைந்து, பிறகு கணினித் திரைக்கு விரித்துக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. நெட்டுக்குத்தாகப் பிடித்த போனில் உருளைகள் மேலே, சுழற்றும் பெரிய வட்டப் பொத்தான் கீழே, கட்டைவிரல் தானாக வந்து விழும் இடத்தில். விதிகளும் திருப்பித் தரும் விகிதமும் மூலையிலிருக்கும் மூன்று கோட்டுச் சின்னத்துக்குப் பின்னால். இந்த அமைப்பே ஆடுகிறவரிடம் ஒன்றைச் சொல்கிறது: அழுத்துவது எளிது, படிப்பது சிரமம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் கண்டறிந்தது உளவியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் விழுந்தால் புறா பசித்தபோது மட்டும் கொத்தும். எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தால் விடாமல் கொத்தும். தானியம் நின்றுபோன பிறகும் நெடுநேரம் கொத்தும். எப்போதும் கிடைத்துவந்தது ஒருநாள் கிடைக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்துவந்தது நின்றுவிட்டது என்பதை எப்படி உணர்வது? இப்போது வராதது அடுத்து வரும் என்று நம்புவதற்குத்தானே அது பழக்கப்பட்டிருக்கிறது.

நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் இதற்கு நரம்பணு அளவில் விளக்கம் தந்தன. டோபமைன் நரம்பணுக்கள் பரிசுக்காகத் துடிப்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்காகத் துடிக்கின்றன. 2003இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி போனது. பரிசாகத் தரும் பழச்சாறு நிச்சயம் வரும் என்றாலோ நிச்சயம் வராது என்றாலோ காத்திருக்கும் நேரத்தில் அந்த நரம்பணுக்கள் அமைதியாக இருந்தன. வருமா வராதா என்று தெரியாதபோது காத்திருப்பு முழுக்க அவற்றின் துடிப்பு ஏறிக்கொண்டே போனது, வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோது மிக அதிகமாக. உருளை ஓடும் அந்த இரண்டு மூன்று நொடிகள் என்ன செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரிந்து இல்லை.

2009இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு, நூலிழையில் தவறிய சுற்றுகளை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டியது. வென்றபோது விழிக்கும் மூளைப்பகுதிகளில் சில அப்போதும் விழித்தன. அந்தத் தோல்வி பிடிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள், ஆனாலும் இன்னொரு தடவை ஆட வேண்டும் என்றார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆடும் ஆசை கூடியது, படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த சுற்றுகளில் மட்டும்தான். கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்த சுற்றுகளில் கூடவில்லை. கை வைத்தோம் என்ற உணர்வே போதுமானதாக இருந்தது. ஓடும் உருளையைத் தொட்டு நிறுத்தும் வசதி ஒரு காலத்தில் பல ஸ்லாட்டுகளில் இருந்தது. முடிவு முன்னமே எழுதப்பட்டிருக்க, தொடுதல் படத்தை மட்டும் சீக்கிரம் முடித்துவைக்கும். சுட்டெலியால் தொலைவிலிருக்கும் திரையை இயக்குவதைவிட, ஓடும் உருளையின் மேலேயே விரலை வைப்பது அந்த உணர்வுக்கு எவ்வளவு தோதானது என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனின் 2021 விதி அந்த வசதியைத் தடை செய்தது. தானாகவே சுழலும் வசதியையும் எடுத்தது.

அதே விதி இன்னொன்றையும் தொட்டது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, வெற்றி வேடம் போட்ட தோல்விகளைப் பற்றியது. ஒரு டாலர் கட்டி இருபது சென்ட் திரும்பி வருகிறது. எண்பது சென்ட் போய்விட்டது, ஆனால் இயந்திரம் விளக்கெரித்து மணியடிக்கிறது. ஆடுகிறவர்களின் தோல் வியர்வையை அளந்தபோது, உடல் அதை வெற்றிக்கு எதிர்வினை காட்டுவதுபோலவே எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் இப்போது கட்டியதற்குச் சமமாகவோ குறைவாகவோ திரும்பினால் கொண்டாட்டச் சத்தமோ படமோ காட்டக் கூடாது.

மூளையைப் பற்றி இதுவரை சொன்னவை பெரும்பாலும் இரண்டு கருவிக்கும் பொது. இனி வருவதுதான் போனுக்கே உரியது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் கவலை தருவதும் இதுதான்.

ஒரு பிள்ளை வாய்ப்பாட்டை எப்படிப் படித்தால் மனதில் நிற்கும்? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் படித்தாலா, தினமும் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் படித்தாலா? விடை எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். விலங்குகளிடமும் அப்படித்தான். உளவியல் ஆய்வாளர்களான ஜான் கிப்பனும் பீட்டர் பால்சமும் 1981இல் இதைக் கணக்காக்கிக் காட்டினார்கள். ஒளிக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைப் புறா கற்றுக்கொள்ள எத்தனை முறை வேண்டும் என்பது, ஒரு பரிசுக்கும் அடுத்த பரிசுக்கும் இடையே உள்ள நேரத்தைப் பொறுத்தது. ஒளி எரியும் நேரத்தோடு ஒப்பிட இந்த இடைவெளி பெரிதாகப் பெரிதாக, குறைந்த தடவைகளிலேயே கற்றல் முடிந்துவிடுகிறது. விட்டுவிட்டு வருவது ஆழமாகப் பதிகிறது.

நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜேம்ஸ், கிளேர் ஓ’மாலி, ரிச்சர்ட் டன்னி ஆகியோர் கைப்பேசிச் சூதாட்டத்தைப் பற்றி எழுதியபோது இந்தப் பழைய புறாக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். போனை மனிதர்கள் பயன்படுத்தும் விதம் என்ன? பேருந்து வரும்வரை மூன்று நிமிடம், தேநீர் கொதிக்கும்வரை இரண்டு நிமிடம், கழிப்பறையில் ஐந்து நிமிடம். எடுத்து, பார்த்து, வைத்து, மறுபடி எடுத்து. அதாவது நல்ல மாணவன் வாய்ப்பாடு படிக்கும் அதே முறை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆடியவர் ஓர் இரவில் நிறையப் பணம் இழந்திருக்கலாம். நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஆடுகிறவரோ ஆட்டத்தை அதிகத் திறமையோடு மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். இந்த ஆய்வாளர்கள் பாவனைச் சூதாட்டச் செயலி ஒன்றைச் செய்து, ஆட்களின் அன்றாட வாழ்க்கைக்குள் கொடுத்தனுப்பியும் பார்த்தார்கள். பரிசு வருவதை நிறுத்திய பிறகும் ஆட்டம் உடனே நிற்கவில்லை.

வங்கிக் கணக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று நிமிடத்தில் போகும் தொகை சிறியது. யாரும் அதைச் சூதாட்டம் ஆடினேன் என்றுகூடச் சொல்லிக்கொள்வதில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்வார்கள்.

கற்றுக்கொண்டதை மறப்பதிலும் இதே சிக்கல் வருகிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் பல ஆண்டுகளாகக் காட்டிவந்த உண்மை, பழக்கம் அழிவதில்லை, அதன்மேல் புதிய கற்றல் ஒன்று படிகிறது, அந்தப் புதிய கற்றல் இடத்தோடு ஒட்டியது என்பது. ஒரு கூண்டில் கற்ற பழக்கத்தை இன்னொரு கூண்டில் மறக்கடித்துவிட்டு, எலியை மறுபடி பழைய கூண்டில் விட்டால் பழக்கம் எழுந்து வருகிறது. மனிதர்களில் இதற்கு மிகப் பெரிய சாட்சி வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள். அங்கே ஹெராயினுக்கு அடிமையானவர்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970களில் பின்தொடர்ந்தார். ஊர் திரும்பியதும் பெரும்பாலோர் அதற்கு மீண்டும் அடிமையாகவில்லை. அந்தப் போர்க்களமும், அந்தக் கூட்டாளிகளும், அந்தக் கூடாரமும் இங்கே இல்லை என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

மேசைக் கணினியில் ஆடிய பழக்கம் அந்த மேசையோடு ஒட்டியது. அறையை மாற்றலாம், கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவரலாம், சில நாள் ஊருக்குப் போய்விடலாம். போனில் ஆடிய பழக்கம் எந்த இடத்தோடு ஒட்டியது? பேருந்து நிறுத்தத்தோடும் அடுக்களையோடும் படுக்கையோடும் அலுவலக மாடிப்படியோடும். எல்லா இடமும் அதன் இடமே. போகட்டும், போனையே விட்டுவிடலாம் என்றால், அம்மாவிடம் பேசுவதும், பணம் அனுப்புவதும், பிள்ளையின் பள்ளிச் செய்தி வருவதும் அதே போனில். குடியை விட்டவர் மதுக்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து நடக்கலாம். இவருடைய கடை சட்டைப்பையில் இருக்கிறது. அதற்கு நள்ளிரவில் வந்து ‘இருபது இலவசச் சுற்றுகள் காத்திருக்கின்றன’ என்று சட்டையை இழுக்கவும் தெரியும்.

எண்கள் என்ன சொல்கின்றன? ஆஸ்திரேலியாவில் சாலி கெயின்ஸ்பரியும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் சூதாடுவோரில் கணினியை விரும்பியவர்களைவிடக் கைப்பேசி போன்ற கருவிகளை விரும்பியவர்களிடம் சூதாட்டப் பிரச்சினை அதிகமாக இருந்தது. இதைப் படித்ததும் போன்தான் கெடுத்தது என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஏற்கெனவே ஆட்டத்தை விட முடியாதவர்கள் எப்போதும் கையிலிருக்கும் கருவியை நாடுவது இயல்பு. இளைஞர்கள் போனை அதிகம் பயன்படுத்துகிறார்கள், சூதாட்டப் பிரச்சினையும் இளைஞர்களிடம் அதிகம். எது காரணம், எது விளைவு என்பதை இப்படிப்பட்ட கணக்கெடுப்பு ஒன்று மட்டும் பிரித்துக் காட்டாது. புறாவும் எலியும் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது என்ற அளவுக்கு நான் இதை எடுத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் இல்லை.

தடுப்பு முறைகள் எவை பயன்படும் என்பதையும் இந்த வித்தியாசம் தீர்மானிக்கிறது. தளங்களை மறைக்கும் மென்பொருளைக் கணினியில் போட்டுவிட்டுப் போனில் போடாமல் விட்டால், ஒரு ஜன்னலை அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறந்துவைத்தது போல. பிரிட்டனின் கேம்ஸ்டாப் திட்டம் கருவியை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறது. ஒருவர் தன் பெயரை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ பதிந்துகொண்டால், உரிமம் பெற்ற தளங்கள் அவரை எந்தக் கருவியிலிருந்தும் உள்ளே விடக் கூடாது. சர்வர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பதால் தாழ்ப்பாளையும் அங்கே போடுவது சரியான யோசனை. 2025இல் அந்நாடு ஸ்லாட் சுற்றுக்கான உச்சத் தொகையையும் வரையறுத்தது: ஏப்ரலில் ஐந்து பவுண்டு, மே மாதம் முதல் 18 முதல் 24 வயதுவரை உள்ளவர்களுக்கு இரண்டு பவுண்டு. தமிழ்நாடு எடுத்த வழி வேறு. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பிய இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவற்றுக்கு 2025இல் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை தடை போட்டன, சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. அந்த ஐந்து மணி நேரத் தடையை நான் மதிக்கிறேன். அதை எழுதியவர்களுக்குப் போன் இரவில் எங்கே படுத்திருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சூதாட்டக் கூடங்களில் சுவர்க் கடிகாரம் இருக்காது என்பது பழைய செய்தி. மேசைக் கணினியில் ஆட்டம் ஒரு சதுரத்துக்குள் ஓடும்போது கீழ் மூலையில் நேரம் தெரிந்துகொண்டே இருக்கும். போனில் ஆட்டம் முழுத்திரையையும் எடுத்துக்கொண்டதும் மேல் விளிம்பிலிருந்த நேரம் மறைந்துபோகிறது. சூதாட்டக் கூடத்தின் சுவர் இப்படித்தான் உள்ளங்கைக்கு வந்தது. பிரிட்டனின் தொழில்நுட்ப விதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கருவியின் கடிகாரத்தை மறைக்கும் ஆட்டம், நேரத்தையோ உள்ளே வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையோ தானே காட்ட வேண்டும். 2021 முதல் ஸ்லாட்டில் அந்த அமர்வில் போனதும் வந்ததும் எவ்வளவு என்பதையும் காட்ட வேண்டும். விதியை மதிக்கும் தளங்களில், விளக்கணைத்த அறையில், போர்வைக்குள் பிடித்த திரையின் ஓரத்தில் அந்த இரண்டு எண்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன: நாற்பத்தேழு நிமிடம், கழித்தல் முப்பத்தொரு பவுண்டு. கட்டைவிரலுக்கு இரண்டு அங்குலம் மேலே, படித்துவிடக்கூடிய அளவு எழுத்தில்.